எழுதியே சம்பாதிக்கலாமா? ஃப்ரீலான்ஸ் வேலை எங்கே கிடைக்கும், பணம் வரலைன்னா சட்டம் என்ன சொல்லுது?

எழுதத் தெரிந்த பலருக்கு மாத வருமானம் நிலைக்காமல் போவதற்கு வேலை கிடைக்காதது மட்டும் காரணம் இல்லை. செய்த வேலைக்குப் பணம் நேரத்துக்கு வராததும் ஒரு பெரிய காரணம். "அடுத்த வாரம் போட்டுடறோம்" என்ற வாட்ஸ்அப் மெசேஜோடு இரண்டு மாதம் ஓடிவிடும். அப்படி இழுத்தடிப்பவர்களிடம் வட்டியோடு பணம் கேட்க இந்தியாவில் ஒரு சட்டம் இருக்கிறது. ஆனால் எழுதுகிறவர்களில் நிறைய பேர் அதைத் தங்களுக்கான சட்டம் என்று நினைப்பதே இல்லை.

ஃப்ரீலான்ஸ்னா என்ன?

ஒரு நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்குச் சேராமல், ஒவ்வொரு வேலையாக வாங்கி எழுதிக் கொடுத்து அதற்குக் கூலி வாங்குவதுதான் ஃப்ரீலான்ஸ். பெயர்தான் புதுசு, பிழைப்பு பழசு. எழுத்தையே நம்பிச் சென்னைக்கு வந்த புதுமைப்பித்தன், பத்திரிகைகளிலும் பிறகு சினிமாவிலும் வேலை பார்த்தும் பணக் கஷ்டம் தீராமல் 1948-ல் 42 வயதில் காசநோயால் இறந்தார். சுஜாதா பெங்களூரு பெல் நிறுவனத்தில் பொறியாளர் வேலையை விடாமலேயே எழுதினார். கோவையில் இருக்கும் ராஜேஷ்குமார் 1,500-க்கும் அதிகமான நாவல்கள் எழுதியதற்கு அவருடைய வேகம் ஒரு காரணம். இன்னொரு காரணம் மாத நாவல் என்ற ஏற்பாடு. மாதம் பிறந்தால் பதிப்பாளருக்கு ஒரு கதை வேண்டும், எழுதுகிறவருக்கு வேலை தேடி அலைய வேண்டியதில்லை. நிலையான வருமானம் என்று இன்று ஃப்ரீலான்ஸர்கள் தேடுவதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

வேலை எங்கே இருக்கு?

கல்பாக்கம் அணுமின் நிலையத்தை ஒட்டியுள்ள புதுப்பட்டினத்தில் டிகிரி முடித்துவிட்டு லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதலில் அவர் தேடுவது இணையத்தில்தான். அங்கே அவர் மொத்த உலகத்தோடும், இப்போது ஏஐ-யோடும் போட்டி போட வேண்டும். "டாப் 10 சுற்றுலாத் தலங்கள்" மாதிரியான கட்டுரைக்கு இனிமேல் பெரிதாக யாரும் காசு தரப்போவதில்லை. அதை மெஷினே எழுதிவிடும்.

ஆனால் சுமார் 15 கிலோமீட்டர் வடக்கே மாமல்லபுரம் இருக்கிறது. 1984 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். 1957-ல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. அந்த ஊர்க் கற்சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வெளிநாட்டுக்குச் சிலை அனுப்பும் பட்டறைக்கு ஒவ்வொரு சிலை பற்றியும் தமிழிலும் ஆங்கிலத்திலும் நாலு வரி வேண்டும். எந்தக் கல், என்ன அளவு, எந்த மரபு, எத்தனை நாள் வேலை என்பதை ஸ்தபதி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுத்தான் எழுத முடியும். ஈசிஆர் முழுக்க ரிசார்ட், ஹோட்டல், பள்ளிக்கூடம், கிளினிக் என்று இருக்கிறது. வெப்சைட், அட்மிஷன் கையேடு, மெனு கார்டு, ரீல்ஸ் ஸ்கிரிப்ட் என எல்லாவற்றுக்கும் ஒரு ஆள் எழுதித்தான் ஆக வேண்டும். கொஞ்சம் தள்ளி வடநெம்மேலி முதலைப் பண்ணை, முட்டுக்காடு தட்சிணசித்ரா, தெற்கே சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை என்று பயணக் கட்டுரைக்கு விஷயமும் கொட்டிக் கிடக்கிறது. முதல் கிளையன்ட் பஸ் போகும் தூரத்தில் இருந்தால் இன்னொரு நன்மையும் உண்டு. பணம் தரவில்லை என்றால் நேரில் போய் நிற்கலாம்.

ஊரைத் தாண்டினால் மொழிபெயர்ப்பு, சப்டைட்டில், பாடநூல் தயாரிப்பு, யூடியூப் ஸ்கிரிப்ட் ஆகியவை இருக்கின்றன. சொந்தமாக எழுத நினைப்பவர்களுக்குக் கிண்டிலில் தமிழ் மின்னூல் வெளியிடும் வசதி உண்டு. தமிழ் இணையதளங்களில் கூகுள் ஆட்சென்ஸ் விளம்பரம் 2018-ல் வந்தது. பிரதிலிபி போன்ற செயலிகளில் தொடர்கதைக்கு வாசகர்களே பணம் கட்டும் முறை இருக்கிறது. இதெல்லாம் மெதுவாக ஊறும் கிணறு. முதல் வருடம் வாடகை கட்ட இதை நம்ப முடியாது.

30 வயதுக்கு உட்பட்டவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று மத்திய அரசின் பிஎம்-யுவா திட்டம். நேஷனல் புக் டிரஸ்ட் நடத்துகிறது, தமிழிலும் எழுதலாம். தேர்வானால் 6 மாதம், மாதம் 50,000 ரூபாய் உதவித்தொகை. புத்தகம் வந்த பிறகு 10 சதவீதம் ராயல்டி. 2021, 2022, 2025 ஆண்டுகளில் அறிவிப்பு வந்தது.

எவ்வளவு கேட்பது?

"மார்க்கெட் ரேட் என்ன?" என்று கேட்பதை விட, தனக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடுவது நல்லது. மாதம் 25,000 ரூபாய் தேவை என்று வைத்துக்கொள்வோம். வேலை நாள் 22 இருந்தாலும் கிளையன்ட் தேடுவது, திருத்துவது, இன்வாய்ஸ் அனுப்புவது எல்லாம் போகக் காசு வரும் நாள் 12 தேறினால் அதிகம். அப்படியானால் ஒரு நாளுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் வர வேண்டும். அரை நாள் பிடிக்கும் கட்டுரைக்கு 1,000 ரூபாய். 150 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டால் ராத்திரி பகல் எழுதினாலும் கணக்கு நிற்காது.

ஒற்றைக் கட்டுரை பத்து பேருக்கு எழுதுவதைவிட, மாதம் இத்தனை என்று பேசி வைத்த மூன்று பேர் இருப்பது பாதுகாப்பு. அதிலும் ஒரே ஆளிடமிருந்து வருமானத்தில் பாதிக்கு மேல் வந்தால், அவர் நிறுத்திய அன்றைக்கு எல்லாம் நின்றுவிடும்.

பணம் வரலைன்னா?

இங்கேதான் அந்தச் சட்டம். 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். பெயரைப் பார்த்துப் பட்டறை, ஃபாக்டரிக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். சேவை செய்யும் தனி ஆளும் உத்யம் பதிவு செய்து 'குறு நிறுவனம்' ஆகலாம். ஆதார், பான் இருந்தால் போதும். அரசு இணையதளத்தில் பதிவு முழுக்க இலவசம். ஃபீஸ் கேட்கும் சைட் எதுவாக இருந்தாலும் அது அரசு சைட் இல்லை.

பதிவு செய்தவருக்கு என்ன கிடைக்கும்? வேலையை வாங்கிக்கொண்டவர், ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்தத் தேதி 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 6 சதவீதம் என்றால் வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம். புகாரை இணையம் வழியாகப் பதியலாம். அது மாநிலத்தில் உள்ள வசதியாக்கக் கவுன்சிலுக்குப் போகும். 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம், நடைமுறையில் இழுக்கும். கவுன்சில் தீர்ப்பை எதிர்த்து அந்த நிறுவனம் கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். இது சின்ன விஷயம் இல்லை.

இன்னொரு பிடியும் இருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை இந்தக் கெடுவுக்குள் தராவிட்டால், தரும் வரை அதை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்று 2023-ல் மாற்றம் கொண்டுவந்தார்கள். அதனால் இன்வாய்ஸிலேயே உத்யம் எண்ணைப் போட்டு அனுப்பினால், ஆடிட்டரே கம்பெனியை அவசரப்படுத்த வாய்ப்பு உண்டு.

கவனிக்க: பதிவை வேலை ஆரம்பிக்கும் முன்பே செய்துவிட வேண்டும். பணம் நின்ற பிறகு பதிவு செய்து, பழைய வேலைக்கு இந்தச் சட்டத்தில் பணம் கேட்டால் சிக்கல் வரும். வெளிநாட்டு கிளையன்டிடம் இது செல்லாது என்றே வைத்துக்கொள்ளலாம். அங்கே முன்பணம் ஒன்றுதான் வழி.

எழுதினது யாருக்குச் சொந்தம்?

1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு இருப்பவர் வேலையின் பகுதியாக எழுதியது பொதுவாக முதலாளிக்குச் சொந்தம். ஃப்ரீலான்ஸர் எழுதியது, அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காத வரை, அவருக்கே சொந்தம். வாய்ப்பேச்சில் உரிமை மாறாது. அப்படி எழுதிக் கொடுக்கும்போது எத்தனை வருடம் என்று குறிப்பிடவில்லை என்றால் 5 வருடம், எந்த நாடு என்று குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். ஆகவே "எல்லா உரிமையும், உலகம் முழுவதும், நிரந்தரமாக" என்ற வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டால்தான் நஷ்டம். தொடர்கதை எழுதுகிறவர்கள் இதை இரண்டு தடவை படிக்க வேண்டும், நாளைக்கு அது வெப் சீரிஸ் ஆகலாம்.

வரி பிடிச்சுட்டாங்களே?

நிறுவனங்கள் பல நேரம் 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக்கொண்டு மீதியைத் தரும். அது போன காசு இல்லை. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர்கள் ரிட்டர்ன் தாக்கல் செய்தால் திரும்ப வரும். ஜிஎஸ்டி பதிவு தமிழ்நாட்டில் சேவைகளுக்கு ஆண்டு வருவாய் 20 லட்சத்தைத் தாண்டினால்தான் கட்டாயம்.

டைப்பிங் வேலை, டெபாசிட் கட்டணுமா?

கட்டக் கூடாது. வேலை தருகிறவர்தான் பணம் தர வேண்டும், வாங்கக் கூடாது. இதில் ஒரு பழைய மோசடி இன்னும் ஓடுகிறது. ஆன்லைனில் ஒப்பந்தம் போட்டு, டைப் செய்ய நூற்றுக்கணக்கான பக்கம் அனுப்பி, கடைசியில் "துல்லியம் போதவில்லை, நஷ்டஈடு கட்டு" என்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்றை அனுப்புவார்கள். பயந்து பணம் கட்டுபவர்களிடம்தான் அவர்களுக்கு வருமானம். இப்படி நோட்டீஸ் வந்தால் பணம் கட்டாமல், மெசேஜ்களை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு சைபர் க்ரைம் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணத்தை வங்கிக் கணக்கில் முடக்கி வைக்க அவ்வளவு வாய்ப்பு.