தருமபுரிக்கு வந்த உளவாளிகள்

உளவாளின்னதும் நமக்கு ஜேம்ஸ் பாண்ட்தான் ஞாபகம் வருவார். துப்பாக்கி, கார், கோட்டு சூட்டு. நிஜத்துல நாலு பேர்கிட்ட பேச்சுக் கொடுக்கத் தெரிஞ்சு, கேட்டதைக் குறிச்சு வெச்சாலே போதும் மக்கா. சாட்சி எங்க தருமபுரி.

கும்பெனிக்கும் மைசூருக்கும் ஆகாத காலம். கும்பெனிப் படையில் உளவு வேலை பார்த்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். 1788-ல் அவருக்கு உதவியாளராகச் சேர்ந்தார் தாமஸ் மன்றோ. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு பாராமகாலை விட்டுக்கொடுத்தார். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அதில்தான் இருந்தது. நிர்வாகம் பண்ண யாரை அனுப்பினாங்க? அதே ரீட், அதே மன்றோ! சிவில் அதிகாரிகளுக்கு உள்ளூர் பாஷை தெரியாது, இவங்களுக்குத் தெரியும்.

1799 வரை ஊர் ஊராப் போய் நிலத்தை அளந்து, விளைச்சலை விசாரிச்சு, தீர்வை போட்டாங்க. ரயத்துவாரி முறை முளைச்சது இங்கேதான்.

1901-ல் கிப்ளிங் எழுதிய 'கிம்' நாவல்ல கர்னல் கிரைட்டன் வெளியே சர்வே அதிகாரி, உள்ளே உளவுத் தலைவர். கற்பனைன்னு படிக்கிறோம். இங்கே நூறு வருஷம் முன்னாடியே உளவாளிங்க சர்வே அதிகாரி ஆயிட்டாங்க! கும்பெனி ஜெயிச்சதுல பீரங்கிக்கு எவ்வளவு பங்கோ, தகவலுக்கும் அவ்வளவு பங்கு உண்டுன்னு வரலாற்றாசிரியர் பெய்லி 1996-ல் ஒரு புத்தகமே போட்டார்.

மன்றோவைத் திட்ட வரலை. நடுவுல ஜமீன்தார் இல்லாம உழவன்கிட்ட நேராக் கணக்கு வெச்சது நல்லதுதான். ஆனா எதிரிப் படையை வேவு பார்த்த அதே கண்தான் நம்ம கழனியையும் பார்த்தது. ஒற்றாடல் அதிகாரத்துல வள்ளுவரும் பகைவர், சொந்தக்காரங்க, வேலையாட்கள் எல்லாரையும் ஒண்ணா வேவு பார்க்கச் சொல்றார்.

அரசாங்கம் நம்மளைப் பத்தி ஒரு விவரம் கேட்டா, எதுக்குன்னு நாமளும் கேட்கலாம்தானே? என்ன சொல்றீங்க?