முருங்கைச் சாறா, வைட்டமின் சி தூளா?

ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் கோலாலம்பூரில் உட்கார்ந்து வறட்சியைப் பற்றி எழுதுவது வேடிக்கைதான். ஆனால் 1998இலும் 2014இலும் இந்நகரும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் குழாய்த் தண்ணீரைப் பங்கீடு செய்தார்கள். அந்த நாட்களில் வாளியில் பிடித்து வைத்தது சமையலுக்கும் குளியலுக்கும் போனது. அடுக்குமாடி வீட்டுத் தொட்டிச் செடி காய்ந்தது. தோட்டங்களின் கணக்கு இன்னும் பெரிது. 2015-16 எல் நினோவையொட்டி மலேசியாவின் செம்பனை எண்ணெய் உற்பத்தி ஏறக்குறைய 20 மில்லியன் டன்னிலிருந்து 17.3 மில்லியனுக்கு இறங்கியது.

நீர் குறைந்ததும் இலை தன் துளைகளை மூடிக்கொள்கிறது. கரியமில வாயு வரத்து குறைகிறது, வெயில் குறைவதில்லை. பச்சையம் பிடித்த ஆற்றலுக்குப் போக்கிடம் இல்லாமல், அது ஆக்சிஜன்மேல் பாய்ந்து சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவற்றை உண்டாக்குகிறது. இவை செல் சவ்வையும் புரதத்தையும் சிதைக்கும். இவற்றை அடக்குபவையே ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள். செடி அவற்றைத் தானே செய்தும்கொள்கிறது. செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தார் காச்சிப் பாத்திமா மூலிகையை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட முடிவு இது: மண்ணின் ஈரம் குறையக் குறைய ஒளிச்சேர்க்கை சரிந்தது, ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களான பீனால் சேர்மங்கள் கூடின. அப்படியானால் வெளியிலிருந்து நாமும் கொஞ்சம் கொடுத்தால் என்ன?

கொடுப்பதற்கு இரண்டு வழிகள் அதிகம் பேசப்படுகின்றன. ஒன்று அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி. பசுங்கணிகங்களில் அது ஏற்கெனவே செறிவாக இருக்கிறது; ஹைட்ரஜன் பெராக்சைடைத் தண்ணீராக்கும் நொதிக்கு எலக்ட்ரான் கொடுப்பது அதுதான். எலக்ட்ரான் இழந்த அது மறுபடி புதுப்பிக்கப்படும் சுழற்சியை 1976இல் ஃபாயர், ஹாலிவெல் என்ற ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். லிட்டருக்கு 0.2 கிராம் கரைத்தால், 300 லிட்டர் தெளிப்புக்கு 60 கிராம் தூள் போதும். மலிவு, என்ன கொடுத்தோம், எவ்வளவு கொடுத்தோம் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் கரைசல் நிற்காது. வெளிச்சமும் காற்றும் அதைக் கெடுக்கும். செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லியோடு சேர்த்தால் வீண். கலக்கிய அன்றே, வெயில் தாழ்ந்தபின் தெளித்துவிட வேண்டும்.

முருங்கை இலைச்சாற்றின் கதை வேறு. நிக்கராகுவாவில் ஃபோய்டில் என்ற ஆய்வாளரின் குழுவினர் அதைப் பயிர்களுக்குத் தெளித்துப் பார்த்தார்கள். பாகிஸ்தானின் பைசலாபாத் வேளாண் பல்கலைக்கழகத்தில் 30 மடங்கு நீர்த்த சாற்றைக் கோதுமை போன்ற பயிர்களில் விரிவாகச் சோதித்தார்கள். சாற்றில் வைட்டமின் சி உண்டு, பீனால்கள் உண்டு, பொட்டாசியமும் கால்சியமும் உண்டு. கூடவே சியாட்டின் என்ற சைட்டோகைனின் ஹார்மோனும் உண்டு. இலை முதிர்ந்து மஞ்சளாவதை அது தள்ளிப்போடும். சாறு தெளித்த செடி வறட்சியில் பசுமையாக நின்றால் பாராட்டு யாருக்குப் போக வேண்டும்? சாற்றுப் புட்டியின்மேல் ‘ஆக்சிஜனேற்றத் தடுப்பான்’ என்று மட்டும் எழுதுவது அவசரம் என்றே எனக்குப் படுகிறது. பாதிப் பங்காவது ஹார்மோனுக்குச் சேர வேண்டியதாக இருக்கலாம்.

அளவுச் சிக்கலும் இருக்கிறது. அதே 300 லிட்டருக்குப் பத்து லிட்டர் சாறு பிழிய வேண்டும். கிள்ளானில் வேலியோரம் ஒரு முருங்கை வைத்திருப்பவருக்கு ஒரு குவளைச் சாறு பெரிதில்லை. கேரித் தீவின் செம்பனைத் தோட்டங்களுக்கு இது கட்டுப்படியாகாது. இலையின் வயதும் பருவமும் மாறினால் சாறும் மாறும். போன மாதம் கிடைத்த பலன் இந்த மாதமும் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஆகவே காரணம் தேடுகிற ஆய்வுக்கு அஸ்கார்பிக் அமிலம், பலன் மட்டும் வேண்டுகிற தொட்டிச் செடிக்கு முருங்கை என்பேன். இரண்டையும் அள்ளித் தெளிப்பது கூடாது. ஏனென்றால் ஹைட்ரஜன் பெராக்சைடு வெறும் நஞ்சல்ல; துளைகளை மூடச் சொல்லும் செய்தியும் அதன் வழியாகப் போகிறது. செம்பனை விஷயத்தில் நான் இரண்டையும் நம்பமாட்டேன். வறட்சி அதன் பெண் பூங்குலைகளைக் குறைக்கிறது, இழப்பு பல மாதம் கழித்தே தெரிகிறது. ஆலையில் பழம் உதிர்த்த வெறுங்குலைகளை மரத்தடியில் பரப்பி ஈரம் காப்பதே அங்கே உருப்படியான வேலை.

வீட்டில் சோதித்துப் பார்க்க நினைப்பவர்கள் மூன்று தொட்டி வையுங்கள். ஒன்றுக்குச் சாறு, ஒன்றுக்குத் தூள், மூன்றாவதற்கு வெறும் தண்ணீரைத் தெளியுங்கள். அந்த மூன்றாவது தொட்டி இல்லாமல் யாராவது பலன் சொன்னால் நம்பாதீர்கள்.