மூடின சீட்டு எப்ப திறக்கும்? முந்நூற்றி நாலும் மேஜிக்கும்

மேஜிக் த கேதரிங் விளையாடப் பழகுற ஆக்கள் முதலில் தடுமாறும் இடம் ஒண்டு இருக்கு. சீட்டைப் போட்ட உடனே அது பலிக்காது. போடுறதுக்கும் பலிக்கிறதுக்கும் நடுவில ஒரு இடைவெளி. முந்நூற்றி நாலு அடிச்சுப் பழகின எங்களுக்கு அந்த இடைவெளி புதுசில்லை.

முந்நூற்றி நாலில் 32 சீட்டு. ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, கிங் 3, குயின் 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒண்டுமில்லை. ஒரு இனத்துக்கு 76, நாலுக்கும் 304. முதல் நாலு சீட்டைப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். கூடக் கேட்டவர் துரும்பைக் கவிழ்த்து வைப்பார். ஒருவர் இஸ்பேட் இறக்க, கையில் இஸ்பேட் இல்லாதவர் தன்ர சீட்டை மூடிப் போடலாம். அது வெட்டா, சும்மா கழிவா எண்டு மற்றவைக்குத் தெரியாது. நாலு பேரும் போட்டு முடிஞ்ச பிறகுதான் துரும்பு வைச்சவர் மூடின சீட்டைப் பார்ப்பார். துரும்பு இருந்தால் எல்லாம் திறக்கும். இல்லாட்டி மூடினபடியே ஆட்டம் தொடரும்.

ஜாக்கையும் ஒன்பதையும் உச்சியில் வைக்கிற வழக்கம் ஐரோப்பாவின் யாஸ் குடும்ப விளையாட்டுகளில் இருக்கு. சுவிற்சர்லாந்தில் 1796 இல் யாஸ் பற்றிய பதிவு உண்டு. ஒல்லாந்தில் அதன் உறவு கிளாவர்யாஸ். அங்கேயும் ஏஸ் 11, பத்து 10. யாழ்ப்பாணம் 1658 முதல் 1795 வரை ஒல்லாந்தர் கையில் இருந்தது. கந்தோரையும் லாச்சியையும் விட்டுப்போனவர்கள் இந்தக் கணக்கையும் விட்டுப்போயிருக்கலாம். நாங்கள் கிளாவர் எண்டு சொல்ற இனத்துக்கு டச்சிலும் கிளாவர்தான் பெயர்.

இனி மேஜிக். ரிச்சர்ட் கார்பீல்ட் என்ற கணிதக்காரர் உருவாக்கி 1993 இல் வெளிவந்தது. ஆரம்பத்தில் எது முதல் பலிக்கும் எண்டதே சிக்கல். மற்றதை முந்திப் பாய 'இன்டரப்ட்' என்று தனிவகைச் சீட்டே இருந்தது. 1999 இல் ஆறாம் பதிப்பு அதை நீக்கி, 'ஸ்டாக்' என்ற அடுக்கைக் கொண்டுவந்தது. கோப்பை அடுக்குற மாதிரித்தான்: கடைசியா வைச்சது முதல் வெளியில வரும்.

எதிராளி 3 சேதம் தருகிற 'லைட்னிங் போல்ட்' போடுறார் எண்டு வையுங்கோ. நான் 'ஃபோர்க்' போட்டு அதைப் படியெடுக்கிறன். படி மூலத்துக்கு மேலே ஏறும், ஆகவே முதலில் பலிக்கும். இலக்கையும் நான் மாற்றலாம். அதுக்குப் பிறகு ஆராவது மூலத்தை ரத்துச் செய்தாலும் படி போகாது. ஆனால் அந்தப் படியை ஒருவரும் 'போடவில்லை'. அது அடுக்கில் உருவானது. அதனால் "நீ ஒரு மந்திரம் போடும்போதெல்லாம்" எண்டு தொடங்குகிற தூண்டல் படிக்கு எழும்பாது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தூண்டல் எழும்பினால், ஆட்ட முறை உள்ளவருடையது அடியில் போகும். மற்றவருடையது முதல் பலிக்கும்.

இரண்டு விளையாட்டும் முடிவைத் தள்ளிவைத்துத்தான் சுவை காட்டுது. வித்தியாசம் வேறு இடத்தில். மேஜிக்கில் சண்டை வந்தால் எழுதின சட்டத்தைத் திறக்கலாம். எங்கட மேசையில் சட்டம் பெரியாக்களின் வாயில். வன்னியோ பல ஊர் ஆக்கள் வந்து சேர்ந்த நிலம்: இரணைமடுத் தண்ணியை நம்பி யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவை, 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வந்தவை. முந்நூற்றி நாலோ ஊருக்கு ஊர் மாறுற விளையாட்டு. 2009 இல் செட்டிகுளம் முகாம்களுக்குப் போன சனம் வீட்டையும் சாமானையும் விட்டுத்தான் போனது. இந்தச் சட்டங்களுக்குத் தாள் இல்லை. சொன்னவர் போனால் சட்டமும் போகும்.

மேஜிக்கின் பழைய சட்டம் தாளில் இருக்கிறதால்தான் 1993 இல் என்ன நடந்தது எண்டு இண்டைக்கும் சொல்ல முடியுது. அடுத்த முறை சீட்டுக் குலைக்கும்போது உங்கட அப்பப்பாவிடம் கேளுங்கோ: கேள்வி எத்தினையில தொடங்கிறது, மூடின துரும்பு எப்ப திறக்கிறது. கேட்டதை ஊர்ப்பெயரோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கோ.