ஐதரோகுயினோன்

ஐதரோகுயினோன் என்பது பீனால் வகையைச் சேர்ந்த ஒரு கரிமச் சேர்மம் ஆகும். இதன் மூலக்கூறில் ஆறு கார்பன், ஆறு ஐதரசன், இரண்டு ஆக்சிசன் அணுக்கள் உள்ளன. பென்சீன் வளையத்தில் எதிரெதிராக இரு ஐதராக்சில் தொகுதிகள் அமைந்திருப்பதால் 1,4-பென்சீன்டையால் என்றும் குயினால் என்றும் அழைக்கப்படுகிறது. ஒளிப்படம் கழுவுதல், பிளாசுட்டிக்குத் தொழில், தோல் மருத்துவம் ஆகியவற்றில் பயன்படுகிறது.

வரலாறு

1820ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு வேதியியலாளர்கள் பெல்லெத்தியே, கவாந்து ஆகியோர் குயினிக் அமிலத்தை உலர்முறையில் காய்ச்சி வடித்து இதனை முதன்முதலில் பெற்றனர். மலேரியா மருந்தான குயினைனைச் சிங்கோனா பட்டையிலிருந்து பிரித்தவர்களும் இவர்களே. ஐதரோகுயினோன் என்ற பெயரை 1840களில் செருமானியரான வோலர் இட்டார்.

பண்புகள்

தூய நிலையில் வெண்ணிறப் படிகமாக இருக்கும். உருகுநிலை ஏறத்தாழ 172 பாகை செல்சியசு. மோலார் நிறை 110.11 கிராம். இது இரண்டு இலத்திரன்களை எளிதில் இழந்து பென்சோகுயினோனாக மாறும். இதனாலேயே சிறந்த ஆக்சிசனொடுக்கியாக விளங்குகிறது. இதன் பயன்களுக்கும் தீங்குகளுக்கும் பெரும்பாலும் இப்பண்பே அடிப்படை எனலாம். காற்றுப்பட்ட கரைசல் பழுப்பு நிறமடைவதும் இதனால்தான்.

குண்டுவீச்சு வண்டு எனப்படும் பூச்சி தன் உடலில் ஐதரோகுயினோனையும் ஐதரசன் பெராக்சைடையும் சேமித்து வைத்திருக்கும். எதிரி நெருங்கியதும் இவற்றை நொதிகளுடன் கலக்கிறது. வினையின் வெப்பத்தால் ஏறத்தாழ 100 பாகை வெப்பநிலையில் குயினோன் கலவை வெடியொலியுடன் பீறிட்டு வெளிப்படுகிறது.

தொழிற்பயன்கள்

பீனாலை ஐதரசன் பெராக்சைடுடன் வினைப்படுத்தியும், டையைசோபுரோப்பைல்பென்சீனை ஆக்சிசனேற்றம் செய்தும் தொழிற்சாலைகளில் தயாரிக்கப்படுகிறது.

ஒளிப்பட உருத்துலக்கியாக இதன் பயனை 1880ஆம் ஆண்டில் ஆப்னி கண்டறிந்தார். ஒளிபட்ட வெள்ளி ஆலைடு மணிகளை இது கறுப்பு வெள்ளி உலோகமாக ஒடுக்குகிறது. மெட்டாலுடன் சேர்ந்தால், இரண்டும் தனித்தனியே செயற்படுவதைவிட விரைவாகச் செயற்படும். கறுப்பு வெள்ளைப் படச்சுருளைக் கழுவுவோர் இன்றும் இக்கலவையைப் பயன்படுத்துகின்றனர்.

அக்கிரிலிக் ஒருமங்கள் கிடங்கிலேயே பலபடியாகி இறுகிவிடாதிருக்கச் சிறிதளவு சேர்க்கப்படுகிறது. பீக் எனப்படும் வெப்பந்தாங்கும் பிளாசுட்டிக்கிற்கும் இது மூலப்பொருள். இதன் தூசியும் குயினோன் ஆவியும் நெடுநாள் படுவதால் தொழிலாளரின் கருவிழிப்படலத்தில் கறை படிந்து பார்வை கெடக்கூடும்.

தோல் மருத்துவத்தில்

1939ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோல் பதனிடும் தொழிலாளர் சிலரின் கைகள் ஆங்காங்கே வெளுத்துப்போனது குறித்த ஆய்வு வெளியானது. அவர்கள் அணிந்த இரப்பர் கையுறையில் சேர்க்கப்பட்டிருந்த ஐதரோகுயினோன் மோனோபென்சைல் ஈதரே காரணம் எனத் தெரிந்தது. இச்சேர்மக் குடும்பத்தின் நிறநீக்கும் ஆற்றலை மருத்துவ உலகம் அறிய இது வழிவகுத்தது.

தோலுக்கு நிறமூட்டும் மெலனின் உருவாக டைரோசினேசு என்ற நொதி தேவை. ஐதரோகுயினோன் அதனைத் தடுக்கிறது. முகத்தில் தோன்றும் மங்குக்கு, 2 முதல் 4 விழுக்காடு கொண்ட களிம்பாக மருத்துவர்கள் சில மாதங்களுக்கு மட்டும் பரிந்துரைப்பர். வெயிலிலிருந்து காத்துக்கொள்ளாவிடில் மங்கு மீண்டும் வரும். தோல்வழியே கணிசமாக உட்கவரப்படுவதால் கருவுற்ற காலத்தில் தவிர்க்கப்படுகிறது. பழுப்பாக மாறிய களிம்பைப் பயன்படுத்தலாகாது.

நிறத்தை வெளுப்பிப்பதற்காக ஆண்டுக்கணக்கில் பூசிவருவோருக்கு இதற்கு நேர்மாறான விளைவு ஏற்படக்கூடும். கன்னம், நெற்றி முதலிய இடங்களில் தோல் நீலம் கலந்த கறுப்பாகித் தடித்துவிடும். ஓக்ரோனோசிசு எனப்படும் இக்கறை தோலின் ஆழ்படலத்தில் படிவதால் அதனை அகற்றுவது மிகக் கடினம். கறை தோன்றியதும் மேலும் களிம்பைப் பூசுவோர் அதனை மிகுவிக்கின்றனர். 1975ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் வெளுப்புக் களிம்பு பூசிய பெண்களிடம் இதனை ஃபிண்ட்லே முதலியோர் விவரித்தனர். 1990இல் வெளியான விதிகள் அந்நாட்டு அழகுப்பொருட்களில் இதனைத் தடைசெய்தன.

ஐரோப்பிய ஒன்றியமும் 2001 அளவில் வெளுப்பு அழகுப்பொருட்களில் இதற்குத் தடை விதித்தது. அமெரிக்காவில் 2020ஆம் ஆண்டின் சட்டத்திற்குப் பின் மருந்துச்சீட்டின்றி விற்க இயலாது. இந்தியாவில் ஐதரோகுயினோன், டிரெட்டினாயின், மோமெட்டசோன் ஆகிய மூன்றும் சேர்ந்த களிம்புகளைச் 'சிவப்பழகு'க் களிம்பாகத் தாமே வாங்கிப் பூசும் வழக்கம் பரவியுள்ளது. இதிலுள்ள மோமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு ஆகும். அது முகத்தோலை மெலியச் செய்து பருக்களையும் சிவந்த இரத்த நாளக் கோடுகளையும் தோற்றுவிக்கும். 2018ஆம் ஆண்டில் மேற்பூச்சு ஸ்டீராய்டுகள் பல மருந்துச்சீட்டுடன் மட்டுமே விற்கத்தக்க பட்டியலில் சேர்க்கப்பட்டன.