கேள்வி மாறிய கதை: எக்ஸானும் கரியமில வாயுவும், 1977–2024

1977 ஜூலையில் எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் தலைமை நிர்வாகக் குழுவின் முன் ஜேம்ஸ் பிளாக் என்ற மூத்த விஞ்ஞானி பேசினார். நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் காற்றில் சேரும் கரியமில வாயு பூமியின் வெப்பத்தைக் கூட்டும் என்பது அவர் கொண்டுவந்த செய்தி. மறு ஆண்டு அதை எழுத்திலும் வைத்தார். வாயுவின் அளவு இருமடங்கானால் சராசரி வெப்பம் 2 முதல் 3 டிகிரி செல்சியஸ் உயரும். எரிசக்தி குறித்துக் கடினமான முடிவுகள் எடுக்க வேண்டிய கட்டம் 5 முதல் 10 ஆண்டுகளில் வந்துவிடலாம். கம்பெனியிடம் சம்பளம் வாங்கியவர் போட்ட கணக்கு இது.

எண்ணெய் நிறுவனங்களும் பருவநிலை மாற்றமும் என்று எழுதப் புகுவோர், முதலில் அறியாமை, பிறகு தெளிவு, கடைசியில் பொறுப்பு என்று படிப்படியாக எழுதிவிடுவது வழக்கம். எக்ஸானின் ஆவணங்களைக் கால வரிசையில் அடுக்கினால் அந்தப் படிக்கட்டு நிற்பதில்லை. அறிவு தொடக்கத்திலேயே இருந்தது. நிறுவனம் தன்னிடமும் உலகிடமும் எழுப்பிய கேள்விதான் காலத்துக்குக் காலம் மாறியது.

முதற்கேள்வி நேர்மையானது: வெளியேறும் வாயுவில் கடல் எவ்வளவை உள்வாங்கும்? அதற்கு விடை தேட 1979-இல் எஸ்ஸோ அட்லாண்டிக் என்ற தன் எண்ணெய்க் கப்பலிலேயே எக்ஸான் கருவிகளைப் பொருத்தியது. 5 லட்சம் டன்னுக்கு மேல் சுமக்கும் ராட்சதக் கப்பல் அது. மெக்சிகோ வளைகுடாவுக்கும் பாரசீக வளைகுடாவுக்கும் இடையே அது போய்வந்த வழியெல்லாம், மேற்பரப்பு நீரிலும் அதன் மேலுள்ள காற்றிலும் கரியமில வாயு அளக்கப்பட்டது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லமாண்ட்–டோஹர்ட்டி ஆய்வகம் உடனிருந்தது. எரியப்போகும் எண்ணெயைச் சுமந்துகொண்டே அந்த எண்ணெய் காற்றை என்ன செய்கிறது என்றும் அளந்த கப்பல் இது. 1982-இல் இந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது.

அதே ஆண்டு நவம்பரில் மேலாளர்களிடையே ஓர் உள்சுற்றறிக்கை போனது. அதிலுள்ள ஒரு வரைபடம் 2019 வாக்கில் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 415 பங்காக இருக்கும் என்று காட்டியது. 2019 மே மாதம் ஹவாய்த் தீவின் மௌனா லோவா நிலையம் 415-ஐத் தாண்டிய அளவைப் பதிவு செய்தது. இது குருட்டாம்போக்கில் பலித்ததன்று. 1977 முதல் 2003 வரை எக்ஸான் விஞ்ஞானிகள் செய்த கணிப்புகளை ஜெஃப்ரி சுப்ரானும் சக ஆய்வாளர்களும் 2023-இல் 'சயின்ஸ்' இதழில் சோதித்துக் காட்டினர்: கணிப்புகளில் 63 முதல் 83 சதவீதம் பின்னால் நடந்ததோடு பொருந்தின.

அறிவு ஏட்டளவில் நின்றுவிடவும் இல்லை. தென்சீனக் கடலில் இந்தோனேசியாவுக்குச் சொந்தமான நதுனா வயலில் இயற்கை எரிவாயு மிகுதி. ஆனால் வெளிவருவதில் சுமார் 70 சதவீதம் கரியமில வாயு. அதைப் பிரித்துக் காற்றில் விட்டால் உலகிலேயே மிகப் பெரிய ஒற்றை உமிழ்விடங்களுள் ஒன்றாக அது ஆகும் என்பதை 1980-களின் தொடக்கத்திலேயே எக்ஸான் கணக்கில் எடுத்துக்கொண்டது. வயல் உற்பத்திக்கு வரவே இல்லை. கனடாவில் அதன் துணை நிறுவனமான இம்பீரியல் ஆயில், வடதுருவத்தை ஒட்டிய போஃபர்ட் கடலில் பனி குறைந்தால் துளையிடும் பருவம் எத்தனை மாதம் நீளும் என்று ஆராய்ந்தது. வெப்பம் கூடும் என்பதை நம்பித்தான் இந்தக் கணக்குகள் போடப்பட்டன.

1986-இல் எண்ணெய் விலை சரிந்தது. ஆராய்ச்சிப் பணமும் சுருங்கியது. 1988 ஜூனில் நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹேன்சன் அமெரிக்க செனட் குழுவின் முன் சாட்சியம் சொல்ல, விஷயம் நாளிதழ்களின் முதல் பக்கத்துக்கு வந்தது. இரண்டே மாதத்தில் எக்ஸானின் மக்கள் தொடர்புப் பிரிவு தயாரித்த வரைவுக் குறிப்பு, அறிவியல் முடிவுகளில் உள்ள நிச்சயமின்மையை வலியுறுத்த வேண்டும் என்றது. 'எவ்வளவு?' என்ற கேள்வி போய் 'உறுதியா?' என்ற கேள்வி அமர்ந்தது இந்த இடத்தில்தான். ஆய்வுக்கூடத்தில் நிச்சயமின்மை என்பது மேலும் அளக்கச் சொல்லும் சொல். விளம்பரத்துறை கையில் அதுவே காத்திருக்கச் சொல்லும் சொல்லானது. 1989-இல் அமைந்த உலகப் பருவநிலைக் கூட்டணி என்ற தொழில்துறை அமைப்பில் எக்ஸான் சேர்ந்தது. கியோட்டோ பருவநிலை மாநாட்டுக்கு இரண்டு மாதம் முன்பு, 1997 அக்டோபரில், எக்ஸானின் தலைவர் லீ ரேமண்ட் பெய்ஜிங் பெட்ரோலிய மாநாட்டில் பூமி 20 ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிடக் குளிர்ந்திருப்பதாகப் பேசினார். அவருடைய விஞ்ஞானிகளின் வரைபடங்கள் அப்படிச் சொல்லவில்லை.

ஆய்வை மறைக்கவில்லை, விஞ்ஞானிகள் இதழ்களில் வெளிப்படையாக எழுதினார்கள் என்பது நிறுவனத்தின் பதில். அதில் உண்மை உண்டு. சிக்கலும் அங்கேதான். சுப்ரானும் நவோமி ஒரெஸ்கஸும் 2017-இல் 187 ஆவணங்களை ஒப்பிட்டனர். ஆய்விதழ்க் கட்டுரைகளில் 83 சதவீதம், மனிதரால் பருவநிலை மாறுவதை ஒப்புக்கொண்டன. நியூயார்க் டைம்ஸில் காசு கொடுத்து வெளியிட்ட கருத்து விளம்பரங்களில் 81 சதவீதம் ஐயத்தையே பரப்பின. ஆய்விதழைப் படிப்பவர் எத்தனை பேர், நாளிதழைப் படிப்பவர் எத்தனை பேர் என்று சொல்லத் தேவையில்லை.

1999-இல் மொபிலுடன் இணைந்த எக்ஸான்மொபில், 2006-இல் ரெக்ஸ் டில்லர்சன் தலைமைக்கு வந்தபின் தொனியை மாற்றியது. 2009-இல் கார்பன் வரியை ஆதரிப்பதாக அவர் அறிவித்தார். 2021-இல் இரகசியக் கேமராவில் சிக்கிய நிறுவனத்தின் வாஷிங்டன் அதிகாரி ஒருவர், அந்த வரி நடக்காத காரியம், பேசுவதற்கு வசதியானது என்ற பொருளில் பேசினார். நிறுவனம் அவர் கருத்தை மறுத்து மன்னிப்புக் கேட்டது. இதற்கிடையில் 2015-இல் பத்திரிகைகள் பழைய ஆவணங்களை வெளிக்கொணர, நியூயார்க் மாநிலம் பின்னர் வழக்குத் தொடுத்தது. முதலீட்டாளர்களை ஏமாற்றியதாக நிரூபிக்கவில்லை என்று 2019 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. பருவநிலை மாற்றத்தில் நிறுவனத்துக்குள்ள பொறுப்பை இத்தீர்ப்பு நீக்கவில்லை என்றும் நீதிபதி எழுதினார். நீதிமன்றம் செய்யாததைப் பங்குதாரர் கூட்டம் ஓரளவு செய்தது. 2021 மே மாதம், வெறும் 0.02 சதவீதப் பங்கு வைத்திருந்த எஞ்சின் நம்பர் ஒன் என்ற சிறு முதலீட்டு நிறுவனம், பெரிய ஓய்வூதிய நிதிகளின் ஆதரவோடு இயக்குநர் குழுவில் மூன்று இடங்களைப் பிடித்தது.

எட்டு மாதம் கழித்து, 2022 ஜனவரியில், 2050-க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு என்ற இலக்கை எக்ஸான்மொபில் அறிவித்தது. அறிவிப்பைக் கூர்ந்து படிக்க வேண்டும். கிணறு, குழாய், சுத்திகரிப்பு ஆலை, அவற்றுக்கு வாங்கும் மின்சாரம் ஆகியவையே அந்தக் கணக்கில் உண்டு. விற்ற பெட்ரோல் வண்டியில் எரியும்போது வரும் புகை அதில் சேராது. ஒரு பீப்பாய் எண்ணெயின் மொத்த உமிழ்வில் ஐந்தில் நான்கு பங்கு அந்தப் புகைதான். கேள்வி இப்போது 'யார் கணக்கில்?' என்று ஆகியிருக்கிறது. விடை, வாங்குபவர் கணக்கில்.

2023-இல் கரியமில வாயுக் குழாய்ப் பாதைகளை வைத்திருந்த டென்பரி நிறுவனத்தை 490 கோடி டாலருக்கு எக்ஸான்மொபில் வாங்கியது. வாயுவைப் பழைய வயல்களுக்குள் செலுத்தி மிச்ச எண்ணெயை வெளியே தள்ளுவது டென்பரியின் தொழிலாக இருந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் டெக்சாஸின் பயனியர் எண்ணெய் நிறுவனத்தையும் வாங்கி முடித்தது. விலை சுமார் 6,000 கோடி டாலர்.