அறங்காவலர் சேர்க்கை: இங்கிலாந்து, வேல்ஸ் உள்ளூர்க் காலநிலை அறநிறுவனங்கள்

இங்கிலாந்திலும் வேல்சிலும் உள்ளூர் அளவில் காலநிலைப் பணி செய்யும் அறநிறுவனங்கள், தம்மை நிர்வகிக்கும் குழுவுக்குச் சம்பளம் பெறாத உறுப்பினர்களைத் தேடி அமர்த்துவது அறங்காவலர் சேர்க்கை எனப்படும். கூரையில் சூரியத் தகடு பொருத்த வழிகாட்டுதல், குளிர் புகாதபடி வீடுகளைச் செப்பனிட உதவுதல், பழுதான பொருள்களைச் சரிசெய்யும் முகாம் நடத்துதல், மரம் நடுதல் ஆகியவை இந்நிறுவனங்களின் வழக்கமான பணிகள். மண்வெட்டி பிடிக்கத் தொண்டர்கள் திரளும் ஊர்களில்கூட, ஆண்டுக் கணக்கை ஏற்றுக் கையெழுத்திட ஆள் கிடைப்பது அரிது.

2011ஆம் ஆண்டின் அறநிறுவனச் சட்டம், 177ஆம் பிரிவில், ஓர் அறநிறுவனத்தின் நிர்வாகத்தைப் பொதுவாகக் கட்டுப்படுத்தி நடத்துவோரை அறங்காவலர் என்கிறது. குழு உறுப்பினர், இயக்குநர், ஆளுநர் என எந்தப் பட்டம் சூட்டிக்கொண்டாலும் அந்த வேலையைச் செய்பவர் அறங்காவலரே.

வரலாறு

அறங்காவலருக்கு ஊதியம் கிடையாது, பொறுப்பு மட்டும் உண்டு என்ற நிலை நானூறு ஆண்டுகளில் படிப்படியாக உருவானது. முதலாம் எலிசபெத் காலத்தில் 1601இல் இயற்றப்பட்ட அறப்பயன் சட்டம் இதன் தொடக்கம். முதியோரையும் ஊனமுற்ற படைவீரர்களையும் பேணுதல், பள்ளிகளை ஆதரித்தல், பாலம், துறைமுகம், நெடுஞ்சாலை ஆகியவற்றைப் பழுதுபார்த்தல், ஏழைப் பெண்களுக்கு மணம் செய்வித்தல், சிறைப்பட்டோரை மீட்டல் என அறச்செயல்களின் நீண்ட பட்டியல் அதன் முகவுரையில் உள்ளது. கடல்நீர் ஊருக்குள் புகாமல் தடுக்கும் கரைகளைச் செப்பனிடுவதும் அப்பட்டியலில் இடம்பெற்றது. இன்று வெள்ளத் தடுப்பில் ஈடுபடும் ஊர்க்குழுக்களின் வேர் இங்கேயே உள்ளது எனலாம். ஆனால் சட்டத்தின் நோக்கம் பட்டியல் இடுவதன்று. அறத்துக்கென எழுதிவைத்த சொத்தைத் திசைதிருப்பியவர்களைப் பிடிப்பது. இதற்காக ஆணையர்கள் உள்ளூர் நடுவர்களை வைத்து விசாரணை நடத்தினர்.

ஊதியமின்மைக்கு வலுச் சேர்த்தது 1726இன் கீச் எதிர் சான்ஃபோர்டு வழக்கு. ரோம்ஃபோர்டு சந்தையின் குத்தகை ஒரு சிறுவனுக்காகக் காவலர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. குத்தகை முடிந்தபோது சிறுவன் பெயரில் அதைப் புதுப்பிக்க உரிமையாளர் மறுத்துவிட, காவலர் தன் பெயரிலேயே எடுத்துக்கொண்டார். அவர் ஏமாற்றியதாக எவரும் சொல்லவில்லை. ஆயினும் குத்தகையும் அதில் கிடைத்த வருவாயும் சிறுவனையே சேரும் என்று லார்டு சான்சலர் கிங் தீர்ப்பளித்தார். காவல் பொறுப்பில் இருப்பவர் அதனால் ஆதாயம் அடையக் கூடாது என்ற கொள்கை இத்தீர்ப்பால் நிலைபெற்றது.

1818 முதல் 1837 வரை புரூம் பிரபுவின் முயற்சியால் அமைந்த விசாரணை ஆணையம் நாடெங்கும் இருந்த பழைய அறக்கொடைகளை ஆராய்ந்தது. வின்செஸ்டர் நகரின் புனித சிலுவைச் சத்திரத்தின் வருவாயை அதன் தலைவரே அனுபவித்தது நூற்றாண்டின் நடுவே பெரும் பேச்சானது. ஆண்டனி டிரோலப் 1855இல் வெளியிட்ட ‘தி வார்டன்’ நாவல் இத்தகைய சத்திரம் ஒன்றைப் பற்றியதே. 1853இன் சட்டம் அறநிறுவன ஆணையத்தை நிரந்தர அமைப்பாக நிறுவியது.

1891இன் பெம்செல் வழக்கில் லார்டு மக்நாட்டன் அறநோக்கங்களை வறுமை நீக்கம், கல்வி, சமயம், சமூகத்துக்கு நன்மை தரும் பிற என நான்காகப் பகுத்தார். இயற்கைப் பாதுகாப்பு ஏறக்குறைய நூறாண்டுக் காலம் நான்காவது வகுப்பில் ஒண்டியிருந்தது. ஆக்டேவியா ஹில், ராபர்ட் ஹண்டர், ஹார்டுவிக் ரான்ஸ்லி ஆகியோர் 1895இல் நிறுவிய நேஷனல் டிரஸ்டின் நோக்கம் அறநோக்கமே என்று 1916இன் வெரால் வழக்கு உறுதி செய்தது. 1960இன் சட்டம் பொதுப் பதிவேட்டைக் கொண்டுவந்தது. தகுதியிழந்தோர் அறங்காவலராகக் கூடாது என்ற விதி 1992இன் சட்டத்தில் நுழைந்தது. சுற்றுச்சூழலைப் பாதுகாத்தலும் மேம்படுத்தலும் தனி அறநோக்கம் என 2006இன் சட்டம் பெயர் சொல்லியே சேர்த்தது.

இதே காலத்தில் களமும் விரிந்தது. வேல்சில் மக்கின்லெத் அருகே கைவிடப்பட்ட சிலேட்டுக் குவாரியில் 1973இல் மாற்றுத் தொழில்நுட்ப மையம் தொடங்கியது. 2006இல் செஷயரின் ஆஷ்டன் ஹேய்ஸ் கிராமம் கார்பன் சமநிலை முயற்சியை அறிவித்தது. அதே ஆண்டு டெவன் பகுதியின் டாட்னஸ் ஊரில் ராப் ஹாப்கின்ஸும் நண்பர்களும் டிரான்சிஷன் டவுன் இயக்கத்தைத் தொடங்கினர். 2008இல் காலநிலை மாற்றச் சட்டம் வந்தது. பிரிஸ்டல் மாநகர மன்றம் 2018 நவம்பரில் காலநிலை அவசரநிலையை அறிவித்தது. நாடாளுமன்றத்தின் கீழவை 2019 மே மாதம் அதே போன்ற தீர்மானத்தை ஏற்றது. நேஷனல் லாட்டரி சமூக நிதியம் 2019இல் 10 கோடி பவுண்டு காலநிலை நிதியை அறிவித்தது. இத்தகைய நிதிகளுக்கு விண்ணப்பிக்க முறையான நிர்வாகக் குழு வேண்டும் என்பதால், அதுவரை நண்பர் கூட்டமாக இருந்த பல குழுக்கள் பதிவுக்கு விரைந்தன.

அமைப்பு வகைகள்

அறங்காவலர் எவ்வளவு பொறுப்பைத் தோளில் ஏற்கிறார் என்பது அமைப்பின் வடிவத்தைப் பொறுத்தது.

1. அறக்கட்டளை. சட்டத்தின் கண்ணில் இதற்குத் தனி ஆள்மை இல்லை. ஒப்பந்தங்களும் குத்தகையும் காவலர்களின் பெயரிலேயே இருக்கும். கடன் வந்தால் அவர்களையே சேரும்.

2. பதிவுசாராச் சங்கம். இதிலும் அப்படியே. மரம் நடும் சிறு குழுக்கள் பெரும்பாலும் இவ்வடிவில் தொடங்குகின்றன. வாடகைக் கட்டடமோ ஊழியரோ வந்ததும் இவ்வடிவம் போதாமல் போகிறது.

3. உத்தரவாத வரையறை நிறுவனம். தனி ஆள்மை கொண்டது. அறங்காவலர்களே இயக்குநர்கள். அறநிறுவன ஆணையத்துக்கும் கம்பெனிப் பதிவகத்துக்கும் தனித்தனியே அறிக்கை அனுப்ப வேண்டும்.

4. அறநிறுவனக் கூட்டமைப்பு. 2013 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆணையத்துக்கு மட்டும் கணக்குக் காட்டினால் போதும். இதில் இரு உட்பிரிவுகள் உண்டு. அறக்கட்டளை வகையில் காவலர்களே வாக்குரிமை உள்ளவர்கள். சங்க வகையில் பரந்த உறுப்பினர் கூட்டம் தேர்ந்தெடுக்கும். மாதிரி விதிகளின்படி ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மூன்றில் ஒரு பங்கினர் பதவி விலக வேண்டும். புதிய காலநிலைக் குழுக்களுக்கு மிகப் பொருத்தமானது சங்க வகையே.

பங்கு விற்றுச் சூரிய மின் நிலையமோ காற்றாலையோ அமைக்கும் குழுக்கள் பெரும்பாலும் சமூகநலச் சங்கமாகப் பதிவு செய்கின்றன. இவை இக்கட்டுரையின் வரம்புக்கு வெளியே உள்ளன.

ஆண்டு வருவாய் 5,000 பவுண்டைத் தாண்டும் அறநிறுவனம் பொதுவாக ஆணையத்தில் பதிய வேண்டும். நான்காம் வகைக்கு வருவாய் எவ்வளவானாலும் பதிவு கட்டாயம்.

தகுதி

நிறுவன வடிவிலும் கூட்டமைப்பு வடிவிலும் 16 வயதானோர் அறங்காவலர் ஆகலாம். அறக்கட்டளையிலும் பதிவுசாராச் சங்கத்திலும் 18 வேண்டும். திவால்நிலையிலிருந்து இன்னும் விடுபடாதோர், மோசடி போன்ற நேர்மையற்ற குற்றத்துக்குத் தண்டனை பெற்று அதன் காலம் முடியாதோர், முன்பு காவலர் பதவியிலிருந்து நீக்கப்பட்டோர் ஆகியோர் 178ஆம் பிரிவால் விலக்கப்படுகின்றனர். 2018 ஆகஸ்டில் இப்பட்டியல் நீண்டது. குறைந்தது மூவர் இருக்க வேண்டும் என ஆணையம் அறிவுறுத்துகிறது.

பயணச் செலவு, கூட்டத்துக்கு வரும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செலவு ஆகியவற்றை நிறுவனம் ஈடுகட்டலாம். இது சம்பளம் ஆகாது. எனினும் சிறு குழுக்கள் இதைச் சொல்லாமலே விட்டால், செலவைத் தாங்கக்கூடியவர்களே பெரும்பாலும் விண்ணப்பிப்பார்கள்.

சேர்க்கை முறை

முதல் படி, இருக்கும் குழுவிடம் என்ன இல்லை என்று கணக்கெடுப்பது. காலநிலைக் குழுக்களில் மின்பொறியாளரும் தோட்டக்காரரும் ஆசிரியரும் ஏராளம். கணக்காளர், வழக்கறிஞர், வேலைவாய்ப்புச் சட்டம் தெரிந்தவர் ஆகியோர் அரிது. ஆகவே பொருளாளர் இடமே நெடுநாள் காலியாகக் கிடக்கிறது.

நல்ல அறிவிப்பு ஆர்வத்தைத் தூண்டும் வாசகங்களோடு நின்றுவிடாமல் வேலையை எண்ணில் சொல்லும்: ஆண்டுக்கு எத்தனை கூட்டம், அவை மாலையிலா வார இறுதியிலா, மாதத்துக்கு எத்தனை மணி நேரம், பதவிக்காலம் எவ்வளவு. பொருளாளருக்கென்றால் நிறுவனத்தின் ஆண்டு வருவாய், கணக்கு எந்த மென்பொருளில் உள்ளது, தணிக்கை தேவையா அல்லது தனிப் பரிசோதகர் போதுமா என்பதையும் சேர்க்கும். இவற்றைப் படித்துவிட்டு விண்ணப்பிப்பவர் பாதியில் விலகுவது குறைவு.

அறிவிப்பை உள்ளூர்த் தொண்டு மன்றங்கள், நூலகப் பலகை, 1979இல் தொடங்கிய ரீச் வாலண்டியரிங் போன்ற அமைப்புகள் வழியே பரப்புகிறார்கள். அடுத்து ஓர் இயல்பான உரையாடல், பின்னர் ஒரு கூட்டத்தைப் பார்வையாளராகக் கவனிக்கும் வாய்ப்பு, பரிந்துரைச் சரிபார்ப்பு, தகுதியிழப்பு ஏதுமில்லை என்ற உறுதிமொழிக் கையெழுத்து. நிறுவன விதிகள் சொல்லும் முறைப்படி, குழுத் தீர்மானத்தாலோ உறுப்பினர் வாக்காலோ நியமனம் நடக்கிறது. பிறகு ஆணையத்தின் பதிவேட்டில் பெயரை ஏற்ற வேண்டும்; நிறுவன வடிவமென்றால் 14 நாளுக்குள் கம்பெனிப் பதிவகத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.

ஆணையத்துக்காக 2017இல் நடத்தப்பட்ட ஆய்வு, அறங்காவலர்களில் 71 விழுக்காட்டினர் அறிமுகத்தின் வழியாகவே சேர்ந்ததைக் காட்டியது. பெண்களைப் போல் இரு மடங்கு ஆண்கள். 92 விழுக்காட்டினர் வெள்ளையர். பாதிக்கு மேற்பட்டோர் ஓய்வு பெற்றவர்கள். தெரிந்தவரைக் கூப்பிடும் இந்தப் பழக்கம் குழுக்கள் ஒரே சாயலில் தேங்குவதற்கு ஒரு காரணம். வெளிப்படையான அறிவிப்பே முறையான வழி. அதே ஆண்டு வெளிவந்த நிர்வாக நெறிமுறை, 9 ஆண்டுக்கு மேல் பதவியில் நீடிப்போருக்குத் தகுந்த காரணம் காட்டச் சொன்னது.

நலன் மோதலும் அரசியலும்

காலநிலைக் குழுவுக்குத் தேவைப்படும் அறிவு, அத்துறையில் தொழில் செய்பவரிடமே இருக்கிறது. சூரியத் தகடு பொருத்தும் தொழிலைச் செய்பவரைக் காவலராக அமர்த்தத் தடையில்லை. ஆனால் ஊர் மன்றத்தின் கூரைக்கு யாரிடம் வேலை கொடுப்பது என்ற பேச்சு வரும்போது, அவர் தம் நலனை அறிவித்து அறையை விட்டு வெளியேற வேண்டும்; விலகியதைக் குறிப்பேட்டில் பதிய வேண்டும். வேலை அவருக்கே தரப்படுமானால், எழுத்து ஒப்பந்தமும் 185ஆம் பிரிவின் நிபந்தனைகளும் வேண்டும். உள்ளாட்சி மன்ற உறுப்பினர்களும் இவ்வாறே சேரலாம். குழுவில் அமர்ந்தபின் அவர்கள் மன்றத்தின் நலனுக்காகவோ கட்சியின் நலனுக்காகவோ முடிவெடுக்கக் கூடாது.

அரசியல் நோக்கம் அறநோக்கம் ஆகாது என்று 1981இன் மெக்கவர்ன் வழக்கு வலியுறுத்தியது. ஆயினும் அறநோக்கத்துக்கு உதவும் வரை சட்டமாற்றத்துக்காகக் குரல் கொடுக்கலாம். கட்சியை ஆதரிக்கக் கூடாது. காலநிலையைப் பற்றிப் பேசுவது அரசியல் என்ற அச்சத்துக்கு ஆகவே இடமில்லை. முதலீட்டிலும் 2022 ஏப்ரலில் பட்லர்-ஸ்லாஸ் வழக்கு வழி திறந்தது: ஆஷ்டன் டிரஸ்ட், மார்க் லெனர்டு டிரஸ்ட் ஆகியவற்றின் காவலர்கள், பாரிஸ் உடன்பாட்டுக்குப் பொருந்தாத முதலீடுகளை விலக்கும் கொள்கையை மேற்கொள்ள உயர் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது.

பிற பகுதிகள்

ஸ்காட்லாந்தில் 2005இன் சட்டமும் தனி ஒழுங்குமுறை அமைப்பும் உள்ளன. வட அயர்லாந்தில் 2008இன் சட்டம்.

தற்போதைய நிலை

காலியிடங்கள் தொடர்கின்றன, இளையோரைச் சேர்க்கும் முயற்சிகள் நடைபெறுகின்றன. ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் அறங்காவலர் வாரம் கொண்டாடப்படுகிறது.