வீட்டுத் தோட்டத் தேனீப் பெட்டி: கோடையில் தண்ணீர் வைக்கும் முறையும் வாராந்திரப் பராமரிப்பும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம், வல்லக்கோட்டை சுற்றுவட்டாரக் கிராமங்களில் தென்னை, முருங்கை, வேம்பு, புங்கன், புளி, சீமைக் கருவேல் எனத் தேன் தரும் மரங்களுக்குப் பஞ்சமில்லை. கொல்லையில் இரண்டு மூன்று பெட்டி வைத்துத் தேனீ வளர்க்க இவை போதும். இங்கே குறை வருவது கோடைத் தண்ணீரில்தான். பங்குனி, சித்திரையில் சிற்றேரிகளும் குட்டைகளும் வற்றிவிடும். நவரை நெல் அறுத்த வயலிலும் ஈரம் இருக்காது.

அப்போது தேனீக்கள் கிடைத்த இடத்தில் நீர் எடுக்கும். இந்தப் பகுதியில் அது தொழிற்சாலையின் குளிரூட்டும் கோபுரமாக இருக்கலாம். ஏசி இயந்திரத்தில் சொட்டும் நீராகவோ, விடுதிக் குழாயடியாகவோ, கழிவுநீர்க் கால்வாயாகவோ இருக்கலாம். அங்கே கூட்டமாக மொய்த்தால் மக்கள் பயந்து மருந்து அடித்துவிடுவார்கள். ஒரு நீர்நிலைக்குப் பழகிய தேனீக்களை வேறு இடத்துக்குத் திருப்புவது கடினம். ஆகவே வெயில் ஏறும் முன்பே, மாசி மாதத்திலேயே, உங்கள் தோட்டத்தில் தண்ணீர் வைத்துப் பழக்கிவிடுங்கள்.

தண்ணீர் எதற்கு?

தேனீக்கள் நீரைக் குடிப்பதற்கு மட்டும் எடுப்பதில்லை. புழுக்கள் வளரும் அடைப் பகுதி ஏறக்குறைய 34, 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்க வேண்டும். வெளியே 40 டிகிரி அடிக்கும்போது, பணித் தேனீக்கள் நீரைக் கொண்டுவந்து அடைகளின் மேல் சிறு துளிகளாகப் பரப்பி, இறக்கையால் விசிறி ஆவியாக்கிக் கூட்டைக் குளிர வைக்கும். கெட்டித் தேனைக் கரைத்துப் புழுக்களுக்கு உணவு தயாரிக்கவும் நீர் வேண்டும். பூ நிறைய உள்ள காலத்தில் மதுரத்திலேயே ஓரளவு நீர் கிடைத்துவிடும். பூவும் குறைந்து வெயிலும் கூடினால் முழுவதும் வெளித் தண்ணீரை நம்பியே இருக்கும்.

நம் பகுதியில் பெரும்பாலும் வளர்ப்பது இந்தியத் தேனீ, அதாவது அடுக்குத் தேனீ. வெப்பம், நீர்த் தட்டுப்பாடு, உணவுக் குறைவு, எறும்புத் தொல்லை ஆகியவற்றைத் தாங்க முடியாமல் போனால் இது பெட்டியைக் காலி செய்துவிட்டுக் கூட்டத்தோடு பறந்துவிடும். இத்தாலியத் தேனீயிடம் இந்தக் குணம் குறைவு.

தண்ணீர் வைக்கும் முறை

* அகலமான, ஆழமில்லாத மண் தட்டு அல்லது பழைய மண்சட்டி நல்லது. ஈர மண் வாசனைக்குத் தேனீ எளிதில் வரும்.
* தட்டில் கூழாங்கல், உடைந்த ஓடு, தேங்காய் நார் ஆகியவற்றைப் போட்டு, அவை நீருக்கு மேலே தெரியும்படி நீர் ஊற்றுங்கள். உட்கார இடம் இல்லாவிட்டால் தேனீக்கள் மூழ்கிச் சாகும்.
* பெட்டியிலிருந்து 10 முதல் 20 அடி தூரத்தில், நிழலில் வையுங்கள். பறக்கும் பாதைக்கு நேர் கீழே வைத்தால் எச்சம் விழுந்து நீர் கெடும்.
* கோடையில் பெட்டிக்கு ஒரு லிட்டர் கணக்கில் வையுங்கள். ஒரு நாள்கூடத் தட்டு காயக்கூடாது. காய்ந்தால் தேனீ வேறு இடம் தேடும், பிறகு திரும்பாது.
* வெளியூர் போவதாக இருந்தால், பானையின் அடியில் சிறு துளையிட்டுத் துணித் திரி செருகி, சொட்டு நீர் தட்டில் விழும்படி கட்டிவிடுங்கள்.
* ஒரு நாள் விட்டு ஒரு நாள் நீரை மாற்றுங்கள். வாரம் ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். இல்லாவிட்டால் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடும்.
* குளோரின் வாடை அடிக்கும் குழாய் நீரை ஓர் இரவு திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள்.
* இந்த நீரில் சர்க்கரை, வெல்லம் கலக்காதீர்கள். எறும்பு வரும்; பக்கத்துப் பெட்டித் தேனீக்களும் கொள்ளையடிக்க வரும்.
* மருந்து தெளிப்பானை இந்தத் தட்டின் அருகிலோ, தேனீ நீர் எடுக்கும் வாய்க்காலிலோ கழுவக்கூடாது.

பெட்டி வைக்கும் இடம்

வாசல் கிழக்கு பார்த்து இருந்தால் காலை வெயில் பட்டுத் தேனீக்கள் சீக்கிரம் வேலைக்குக் கிளம்பும். மதிய வெயில் படாமல் மர நிழலோ தென்னங்கீற்றுப் பந்தலோ வேண்டும். பெட்டிக்குப் பெட்டி 6 அடி இடைவெளி விடுங்கள். தெருவிளக்கு, தொழிற்சாலை விளக்கு ஆகியவற்றின் வெளிச்சம் இரவில் நேராக வாசலில் விழக்கூடாது. தாங்கியின் கால்களை நீர் நிரப்பிய கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. இந்தக் கிண்ண நீரையும் வாரந்தோறும் மாற்ற வேண்டும்.

வீடுகள் நெருக்கமாக உள்ள இடத்தில், வாசலுக்கு முன்னால் ஆறடி உயரத்துக்கு வேலியோ படலோ இருக்கட்டும். தேனீக்கள் மேலெழும்பிப் பறக்கும். ஆள் நடமாட்டத்தில் குறுக்கிடாது.

வாரம் ஒருமுறை பார்க்க வேண்டியவை

காற்று இல்லாத காலை நேரத்தில், லேசாகப் புகை காட்டி, பத்து நிமிடத்துக்குள் பார்த்து மூடிவிடுங்கள்.

1. முட்டை, புழு இருக்கிறதா? இருந்தால் ராணி நலமாக உள்ளது. ராணியைத் தேடி அடைகளைக் கலைக்க வேண்டாம்.
2. ஓரத்து அடைகளில் தேனும் மகரந்தமும் இருக்கிறதா? இல்லாவிட்டால் சர்க்கரையும் நீரும் சம அளவு கலந்து காய்ச்சி ஆறவைத்த பாகை, மாலையில், பெட்டிக்கு உள்ளே வையுங்கள். மிதக்கச் சிறு குச்சிகள் போடுங்கள். வெளியில் வாங்கிய தேனைக் கொடுக்காதீர்கள்; நோய் வரும்.
3. அடிப்பலகையைச் சுத்தம் செய்யுங்கள். அங்கே சேரும் மெழுகுத் தூளில்தான் மெழுகு அந்துப்பூச்சி வளரும். தேனீ மூடாத காலி அடையையும் கறுத்த பழைய அடையையும் எடுத்துவிடுங்கள்.
4. அடையின் கீழ் விளிம்பில் ராணி அறைகள் தெரிந்தால் கூட்டம் பிரியத் தயாராகிறது. பெட்டியைப் பிரித்து வைக்க இதுவே நேரம்.

முட்டையும் புழுவும் குறைந்து, மகரந்தம் கொண்டு வரும் தேனீக்களும் குறைந்தால் கூட்டம் வெளியேறப் போகிறது என்று அறியலாம். அன்றே பாகு வைத்து, நிழல், நீர், எறும்பு மூன்றையும் சரிபாருங்கள்.

கோடையும் மழையும்

கோடையில் தேனீக்கள் வாசலுக்கு வெளியே கொத்தாகத் தொங்கினால் உள்ளே புழுக்கம் என்று பொருள். வாசலை முழுவதும் திறந்து, மேல்மூடியில் கோணிச்சாக்கு விரித்து, முற்பகலிலும் மதியத்திலும் நனையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பெட்டியை வாசல் பக்கம் சற்றே சாய்த்து வைத்தால் உள்ளே நீர் தேங்காது. மூடியின் மேல் கல் வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் தாங்கியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டுங்கள். தொடர் மழையில் தேனீ வெளியே போக முடியாது என்பதால் பாகு கொடுக்க வேண்டும். மழைக்கு முன்பு தேனை முழுவதும் எடுத்துவிடாதீர்கள்.

பூச்சிமருந்து

பெட்டி வைத்திருப்பதைச் சுற்றியுள்ள வயல்காரர்களிடம் சொல்லிவையுங்கள். பூக்கும் பயிருக்கு மருந்து தவிர்க்க முடியாவிட்டால், தேனீக்கள் கூடு திரும்பிய பின் மாலையில் தெளிக்கக் கேளுங்கள். பகலில் தெளிப்பதாக இருந்தால், முந்தின இரவே வாசலைக் காற்றுப் புகும் கம்பி வலையால் மூடி, ஈரச் சாக்கு போர்த்தி, உள்ளே பஞ்சில் நீர் வையுங்கள். ஒரு நாளுக்கு மேல் மூடி வைக்கக்கூடாது. வாசலில் தேனீக்கள் நாக்கு நீட்டியபடி குவியலாகச் செத்துக் கிடந்தால் அது பெரும்பாலும் மருந்தின் வேலை.

நோய்

1990-களின் தொடக்கத்தில் தாய் சாக் புரூட் என்ற வைரஸ் நோய் தென்மாநிலங்களில் இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. மார்த்தாண்டம் பகுதித் தேனீ வளர்ப்போர் அதில் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். புழு, நீர் நிறைந்த பை போல மாறிச் சாவதே இதன் அடையாளம். இதற்கு மருந்து கிடையாது. அந்தப் பெட்டியின் அடையை வேறு பெட்டிக்கு மாற்றாதீர்கள். பெட்டியைத் தள்ளி வைத்து, கருவிகளையும் கையையும் கழுவுங்கள்.

தேனீ கொட்டினால்

கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுங்கள். மூச்சுத் திணறல், முகவீக்கம், மயக்கம் வந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

பயிற்சி

பெட்டி வாங்கும் முன் ஒரு பயிற்சி எடுப்பது நல்லது. காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தையோ அணுகிப் பயிற்சி, மானியம் பற்றிக் கேளுங்கள். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் பயிற்சி தருகிறார்கள். பெட்டி வந்து இறங்கும் நாளுக்கு முன்பே தண்ணீர்த் தட்டு தோட்டத்தில் தயாராக இருக்கட்டும்.